புதிதாகச் சுகர் வந்தவருக்கு ஒரு கையேடு

வாழ்த்துகள். ரிப்போர்ட்டில் ஓர் எண் மட்டும் தடித்த எழுத்தில் வந்திருக்கிறது. வெறும் வயிற்றில் 126, குளுக்கோஸ் கரைத்துக் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 200, ஹெச்பிஏ1சி 6.5. இந்த மூன்று எல்லைகளில் ஒன்றைத் தொட்டு, மறுபடி பார்த்தபோதும் அப்படியே வந்தால் நீங்கள் சங்கத்தில் உறுப்பினர். 2023இல் வெளியான ஐசிஎம்ஆர்–இண்டியாப் ஆய்வின் கணக்குப்படி, இந்தியாவில் சுமார் 10.1 கோடிப் பேர் உங்களுக்கு முன்பே சேர்ந்துவிட்டார்கள். இன்னும் 13.6 கோடிப் பேர் எல்லைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் கையில் தட்டோடு நிற்கிறார்கள். துணைக்கு ஆள் இல்லையே என்று நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை.

இரண்டாம் வகை நீரிழிவை வெறும் நோய் என்று நினைக்கிறவர்கள் உண்டு. நம் ஊரில் அது ஒரு பொதுப் பதவி. ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து உங்கள் தட்டை எட்டிப் பார்க்க எல்லோருக்கும் உரிமை உண்டு. கருத்துச் சொல்ல எல்லோருக்கும் தகுதி உண்டு. இந்தப் பதவியை மரபு வழுவாமல் வகிக்க விரும்புகிறவர்களுக்காக, நம் குடும்பங்களில் நெடுநாளாகப் புழங்கிவரும் முறைகளை இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறோம். எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒரே கொள்கைதான்: சுகர் குறைய எதையாவது சாப்பிட வேண்டும். எதையும் குறைக்கக் கூடாது.

1. ரிப்போர்ட்டைச் சந்தேகியுங்கள்

முதல் கடமை இது. "அந்த லேப்ல எல்லாருக்கும் ஜாஸ்தியாத்தான் காட்டுவான்" என்று சொல்ல ஒருவர் எப்போதும் தயாராக இருப்பார். வேறு லேபுக்குப் போங்கள். அங்கும் அதே எண் வந்தால், முதல் நாள் ராத்திரி மச்சினர் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் சாப்பிட்ட ஜாங்கிரியைக் காரணம் காட்டுங்கள்.

இதில் ஒரு சிக்கல் ஹெச்பிஏ1சி. ரத்தச் சிவப்பணு சுமார் 120 நாள் உயிரோடு இருக்கும். அதற்குள் இருக்கும் ஹீமோகுளோபினில் ரத்தச் சர்க்கரை போய் ஒட்டிக்கொள்ளும். எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று பார்த்தால் கடந்த இரண்டு மூன்று மாதங்களின் கணக்கு வெளியே வந்துவிடும். தீபாவளி அதிரசம், கொழுந்தியாள் வளைகாப்பு, ஞாயிறுதோறும் பிரியாணி என எல்லாவற்றுக்கும் அதில் வரவு இருக்கும்.

ஆகவே அனுபவசாலிகள் ஃபாஸ்டிங் டெஸ்ட்டை மட்டுமே எடுப்பார்கள். டெஸ்ட்டுக்கு மூன்று நாள் முன்பு தொடங்கித் துறவறம். ராத்திரிக்கு இரண்டு இட்லி, காலையில் வேக நடை. எண் 118 என்று வந்ததும் டாக்டரிடம் காட்டி, அவர் "பரவாயில்லையே" என்றதும், வெளியே வந்து எதிர்க் கடையில் நெய் ரோஸ்ட். "மூணு மாச டெஸ்ட் ஒண்ணு எடுத்துடலாமா?" என்று அவர் கேட்டால், "அடுத்த தடவை பாத்துக்கலாம் சார்" என்று எழுந்துவிடுங்கள். உங்கள் வழக்கில் விலைக்கு வாங்க முடியாத சாட்சி அது ஒன்றுதான்.

வீட்டிலேயே மிஷின் வாங்குகிறவர்கள் மாம்பழம் நறுக்கிய கையைக் கழுவாமல் விரலில் குத்திப் பாருங்கள். எண் எகிறும். விரலில் ஒட்டியிருக்கும் பழச்சாறும் ஸ்ட்ரிப்புக்குச் சர்க்கரைதான். அப்புறம் "இந்த மிஷினே தப்பு" என்று அதைப் பரணில் ஏற்றிவிடலாம்.

2. தகுந்த காரணம் கண்டுபிடியுங்கள்

"எனக்கு எப்படி வந்துச்சு? நான் ஸ்வீட்டே தொடமாட்டேனே!" பதவி ஏற்றதும் எடுத்துக்கொள்ள வேண்டிய உறுதிமொழி இது. ஸ்வீட் தொடாதவர்தான். மூன்று வேளையும் தொட்டது மாவு. இட்லியில் அரிசி, மதியம் அரிசி, ராத்திரி தோசையிலும் அரிசி. இடையில் நாலு மணிக்கு முறுக்கு, அதுவும் அரிசி. உள்ளே போனபின் இவ்வளவும் குளுக்கோஸாகத்தான் மாறுகிறது. ஆனால் நாக்கில் இனிக்காத எதுவும் சர்க்கரைக் கணக்கில் சேராது என்பது சங்கத்தின் பழைய தீர்மானம்.

பரம்பரை, டென்ஷன், கண் திருஷ்டி ஆகிய மூன்றும் எப்போதும் செல்லுபடியாகும் காரணங்கள். பரம்பரையில் நிஜமாகவே உண்மை உண்டு. பெற்றோருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு கூடும். அதனால் "அப்பாவுக்கு இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு, அப்பா தினமும் சைக்கிளில் வேலைக்குப் போனவர் என்பதைச் சொல்லாமல் விடுங்கள்.

"ஒல்லியாத்தானே இருக்கேன்?" என்பது அடுத்த வாதம். கை, கால் ஒல்லிதான். சட்டையின் கடைசி இரண்டு பொத்தான்கள் மட்டும் வேறு கதை சொல்லும். நம்மவர்களுக்கு உடல் எடை அதிகமில்லாதபோதே வயிற்றுக்குள்ளும் கல்லீரலிலும் கொழுப்பு சேர்ந்துவிடும். கணையம் இன்சுலினை அனுப்பிக்கொண்டே இருக்கும். கல்லீரலும் தசையும் அதன் பேச்சைக் கேட்காது. அதிகமாக அனுப்பி அனுப்பிக் கணையம் ஓய்ந்துபோகும்போது ரிப்போர்ட்டில் எழுத்து தடிக்கிறது. இது நடந்து முடியப் பல வருஷம் ஆகும். காரணம் தேடும்போது போன வாரத்துக்கு முன்னால் போகாதீர்கள்.

3. உறவினர்களுக்குத் தெரிவியுங்கள்

ஒருவரிடம் சொன்னால் போதும். மீதியை அவர் பார்த்துக்கொள்வார். அன்று மாலைக்குள் பின்வரும் மருந்துகள் வந்து சேரும்.

பெரிய மாமா: "ராத்திரி வெந்தயம் ஊறப்போட்டு, காலைல அந்தத் தண்ணியோட முழுங்கிடு மாப்ள."

சித்தி: "பாகற்காயை அடிச்சு ஜூஸாக் குடி. எங்க ஓனரம்மா மாத்திரையே விட்டுட்டாங்க."

மாடி வீட்டுக்காரர்: வெண்டைக்காயைக் கீறி இரவெல்லாம் ஊறவைத்த தண்ணீர்.

ஊரிலிருந்து அத்தை: ஆவாரம்பூ, தேயிலைக்குப் பதிலாக. நாவல் கொட்டைப் பொடி, காபிக்குப் பதிலாக.

ஆபீஸ் நண்பர்: சிறுகுறிஞ்சான் இலை. சர்க்கரைக்கொல்லி என்று இதற்குப் பெயர் வைத்தவர் நாக்கை வைத்துப் பரிசோதித்திருக்கிறார். இலையை மென்றபின் சர்க்கரையை வாயில் போட்டால் கொஞ்ச நேரத்துக்கு இனிப்பே தெரியாது. மணலைத் தின்றதுபோல் இருக்கும். இலையிலுள்ள ஒரு பொருள் நாக்கின் இனிப்பு உணர்வைத் தற்காலிகமாக மறைப்பதால் வருவது இது. அதை மென்றுவிட்டு ரவா கேசரி சாப்பிடுகிறவர் ருசியையும் இழந்து, சர்க்கரையையும் ஏற்றிக்கொள்கிறார்.

இவற்றில் எதையும் மறுக்காதீர்கள். மறுத்தால் சித்திக்கு மனசு கஷ்டப்படும். காலை ஐந்து மணிக்குத் தொடங்கி, ஒவ்வொன்றுக்கும் இருபது நிமிட இடைவெளி விட்டால் எட்டு மணி இட்லிக்குள் எல்லாவற்றையும் குடித்து முடித்துவிடலாம். வெந்தயத்தில் நார்ச்சத்து இருக்கிறது, அதனால் கொஞ்சம் பயன் உண்டு என்று டாக்டர்களும் ஒப்புக்கொள்வார்கள். ஆனால் கொஞ்சம் என்ற அளவு நம் வீட்டு அளவைகளில் இல்லை.

சென்னை ராயபுரத்தில் டாக்டர் எம். விசுவநாதன் நீரிழிவுக்கென்றே மருத்துவமனை தொடங்கியது 1954இல். எழுபது வருஷமாக இந்த ஊர் இந்த நோயைப் படித்துக்கொண்டிருக்கிறது. அந்த எழுபது வருஷமும் மாடி வீட்டுக்காரர் முன்னால் நிற்காது. அவர் நேரில் பார்த்தவர்.

4. பரிகாரம் செய்யுங்கள்

திருவாரூர் மாவட்டத்தில் நீடாமங்கலம் பக்கம் கோயில்வெண்ணி. சுவாமி பெயர் வெண்ணி கரும்பேஸ்வரர். சர்க்கரை நோயாளிகள் தேடி வரும் கோயில். வருகிறவர்கள் ரவையும் சர்க்கரையும் கலந்து படைத்துவிட்டுப் பிரகாரத்தில் போடுவார்கள். எறும்புகள் வந்து தின்னும்.

இந்தக் கையேட்டின் பட்டியலிலேயே நீரிழிவு நிபுணர்கள் மறுப்புச் சொல்ல முடியாத முறை இது. உங்களுக்கு வர வேண்டிய ரவையையும் சர்க்கரையையும் எறும்புக்குக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வருகிறீர்கள். பிரகாரத்தைச் சுற்றி நடக்கவும் செய்கிறீர்கள். வழிபாட்டை வடிவமைத்தவருக்கு உண்மையான கொள்கை புரிந்திருக்கிறது. பக்தர்களில் பலர்தான் வெளியே வந்ததும், நீடாமங்கலம் ரோட்டில் நல்ல ஓட்டல் எங்கே இருக்கிறது என்று டிரைவரிடம் கேட்கிறார்கள்.

5. அரிசியை விடுங்கள், வேறு பெயரில் சாப்பிடுங்கள்

இதுதான் கையேட்டின் இதயப் பகுதி. கவனமாகப் படியுங்கள்.

ராத்திரி சாதத்துக்குப் பதில் சப்பாத்தி என்பது அடிப்படை நியமம். ஒரு கிண்ணம் சாதம் போதும் என்றிருந்தவர் ஐந்து சப்பாத்தியும் உருளைக்கிழங்கு மசாலாவும் சாப்பிடலாம், சப்பாத்திதானே. 100 கிராம் அரிசியில் மாவுச்சத்து சுமார் 78 கிராம். கோதுமை மாவிலும் கேழ்வரகிலும் ஏறத்தாழ 65 முதல் 72 கிராம். வித்தியாசம் அவ்வளவுதான் என்று யாராவது சொன்னால், "கோதுமை உடம்புக்கு நல்லது" என்று பேச்சை முடித்துவிடுங்கள்.

அடுத்தது சிறுதானியம். 2023ஐ ஐநா சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்ததும் நம் மளிகைக் கடைகளில் சாமை, வரகு, தினை, குதிரைவாலிக்கெல்லாம் தனி அலமாரி வந்தது. நல்ல தானியங்கள், தீட்டாமல் இருந்தால் நார்ச்சத்தும் உண்டு. அந்த நார்ச்சத்து உங்களைத் தொந்தரவு செய்யாமலிருக்க வழிகள் இருக்கின்றன. வெள்ளை வெளேரென்று தீட்டிய சாமையாகப் பார்த்து வாங்குங்கள். கேழ்வரகை மாவாக அரைத்து, கஞ்சியாகக் காய்ச்சி, சூடாகக் குடியுங்கள். நைசாக அரைக்க அரைக்க, குழைய வேகவைக்க வைக்க, அது சீக்கிரமாக ரத்தத்துக்குப் போய்ச் சேரும். சாமைப் பொங்கலுக்கு நெய்யும் முந்திரியும் தாராளமாக விட்டு, "சுகருக்கு நல்லதுன்னு சொன்னாங்க" என்று மூன்று கரண்டி போட்டுக்கொள்ளுங்கள். அரிசிப் பொங்கலாக இருந்தபோது ஒரு கரண்டியோடு எழுந்தவர்தான் நீங்கள்.

வசதி உள்ளவர்கள் கறுப்புக் கவுனிக்குப் போகலாம். செட்டிநாட்டு விருந்துகளில் கவுனி அரிசி தேங்காய்த்துருவலும் சர்க்கரையும் சேர்ந்து இனிப்பாகத்தான் இலைக்கு வரும். அதையே இன்று கிலோவுக்குக் கூடுதல் காசு கொடுத்துச் சுகருக்காக வாங்குகிறோம். ஊறவைக்க ஓர் இரவு, வேகவைக்கக் கால் சிலிண்டர். இவ்வளவு பாடுபட்டுச் சமைத்ததை ஒரு கிண்ணத்தோடு நிறுத்த எப்படி மனசு வரும்?

இந்த முறைகளைச் சோதித்துப் பார்க்க நினைக்கிறவர்கள் தயவுசெய்து தட்டை அளக்காதீர்கள். பாதித் தட்டில் காய், கால் தட்டில் பருப்போ முட்டையோ மீனோ சுண்டலோ, மீதிக் கால் தட்டில் மட்டும் சாதமோ சப்பாத்தியோ என்று ஒரு கணக்கு இருக்கிறது. டயட்டீஷியன்கள் படம் போட்டுக் காட்டுவார்கள். அந்தக் கால் தட்டில் வைத்தது வெள்ளை அரிசியா, மாப்பிள்ளைச் சம்பாவா என்பது அதற்கடுத்த கேள்விதான் என்று தெரிந்துவிட்டால், அலமாரி முழுக்க வாங்கி வைத்த பாக்கெட்டுகளுக்கு என்ன பதில் சொல்வது?

6. வெள்ளைச் சர்க்கரையோடு மட்டும் போர் தொடுங்கள்

எதிரி யார் என்பதில் தெளிவு வேண்டும். எதிரி வெள்ளை நிறம். பழுப்பு நிறத்தில் இருப்பவை எல்லாம் நட்பு நாடுகள். நாட்டுச்சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி, பனங்கற்கண்டு, தேன். "இது இயற்கை, ஒண்ணும் பண்ணாது" என்று விற்கிறவரே சொல்கிறார். வெல்லத்திலும் கருப்பட்டியிலும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான். அதாவது வெள்ளைச் சர்க்கரையில் இருக்கும் அதே சரக்கு. கூடவே கொஞ்சம் தாதுப்பு. இந்த விவரத்தைப் புறவழிச்சாலைக் கருப்பட்டிக் காபிக் கடையில் உரக்கச் சொல்லாதீர்கள். அங்கே காரை நிறுத்தியிருப்பவர்களில் பாதிப் பேர் சங்கத்து ஆட்கள்.

டீக்கடையில் "மாஸ்டர், ஒரு வித்தவுட்" என்று நாலு பேர் கேட்கச் சொல்லுங்கள். தியாகம் பதிவாகிவிட்டது. இனி அந்தக் கணக்கில் இரண்டு வாழைக்காய் பஜ்ஜி எடுத்துக்கொள்ளலாம். வீட்டுக்குப் போகும் வழியில் "சுகர் ஃப்ரீ" என்று எழுதிய பிஸ்கட் ஒரு பாக்கெட். சர்க்கரை இல்லை என்று எழுதியவர் மைதா இல்லை என்று எழுதவில்லை.

பழம் விஷயத்தில் இரண்டு வழி உண்டு. ஒன்று, கொய்யாவைக்கூடத் தொடாமல், விரதம் இருப்பவர்போல் முகத்தை வைத்துக்கொள்வது. இன்னொன்று, நாலு மாம்பழத்தை மிக்ஸியில் அடித்து, "வீட்டு ஜூஸ்தான்" என்று குடிப்பது. முழுப் பழமாக, மென்று, ஒரு வேளைக்கு ஒன்று என்ற வழி யாருக்கும் பிடிப்பதில்லை.

நவம்பர் 14 உங்கள் திருநாள். 1921இல் டொரன்டோவில் இன்சுலினைப் பிரித்தெடுத்த குழுவின் ஃபிரெடரிக் பேன்டிங் பிறந்த நாள் என்பதால், அது உலக நீரிழிவு தினம். நேருவும் அன்றுதான் பிறந்தார். ஆகவே காலையில் பள்ளிக்கூடத்தில் குழந்தைகள் தின விழாவில் மிட்டாய் கொடுத்துவிட்டு, மாலையில் நீரிழிவு விழிப்புணர்வுக் கூட்டத்துக்குப் போகலாம். கூட்டம் முடிந்ததும் அங்கேயும் டீயும் கிரீம் பிஸ்கட்டும் உண்டு.

7. நடக்கப் புறப்படுங்கள்

முதலில் ஷூ. நல்லதாக, விலை கூடியதாக. அதோடு ஒரு டி-ஷர்ட், கைக்கடிகாரத்தில் காலடி எண்ணும் வசதி. வாங்கிய அன்றே பாதி சுகர் குறைந்ததாக உணர்வீர்கள்.

அதிகாலைப் பூங்காவில் ஒரு நண்பர் குழு அமைத்துக்கொள்ளுங்கள். இரண்டு சுற்று நடந்து, நாலு சுற்றுக்கு அரசியல் பேசி, பெஞ்சில் அமர்ந்து பென்ஷன் விவகாரத்தை முடித்து, வாசலுக்கு வந்தால் வண்டியில் வாழைத்தண்டு சூப், முடவாட்டுக்கால் சூப், அருகம்புல் ஜூஸ். ஆளுக்கு இரண்டு டம்ளர் குடித்தபின், உடம்புக்கு நல்லது செய்துவிட்ட தெம்பில், எதிரே கொதிக்கும் எண்ணெயில் மிதக்கும் மெதுவடையை யார் தடுக்க முடியும்?

சாப்பிட்டவுடன் நடக்க மட்டும் நினைக்காதீர்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பின் பத்துப் பதினைந்து நிமிடம் தெருவில் நடந்தால், அப்போது ஏறத் தொடங்கும் சர்க்கரையை வேலை செய்யும் தசை நேரடியாக இழுத்துக்கொள்ளும். சுருங்கி விரியும் தசைக்கு அதற்கு இன்சுலினின் தயவு அவ்வளவாகத் தேவையில்லை. வாரத்துக்கு 150 நிமிடம் என்று டாக்டர்கள் சொல்லும் கணக்கில் ஒரு நல்ல பகுதி இப்படியே தீர்ந்துவிடும். ஷூவும் வேண்டாம், செருப்பு போதும். ஆனால் சாப்பிட்டதும் இடது பக்கமாகச் சாய்ந்து படுப்பதல்லவா மரபு?

8. மாத்திரையை நம்பாதீர்கள்

"ஒரு தடவை ஆரம்பிச்சா ஆயுசுக்கும் விட முடியாது." "கிட்னி போயிடும்." இரண்டையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். கட்டுப்படாத சர்க்கரை வருஷக்கணக்கில் வடிகட்டியைச் சிதைப்பதால் சிறுநீரகம் கெடும். கெட்டபின் சில மாத்திரைகளின் அளவை டாக்டர் குறைப்பார் அல்லது நிறுத்துவார். இந்த வரிசையைத் தலைகீழாகச் சொன்னால்தான் மாத்திரைமேல் பழி விழும்.

டாக்டர் பெரும்பாலும் முதலில் எழுதுவது மெட்ஃபார்மின். "இங்கிலீஷ் மருந்து, எல்லாம் கெமிக்கல்" என்று வெறுக்கிறவர்களுக்கு ஒரு தகவல். ஐரோப்பியக் கிராமங்களில் நெடுங்காலம் மூலிகையாகப் பயன்பட்ட கலேகா என்ற செடியிலிருந்த பொருளைப் பின்பற்றித்தான் இந்த வகை மருந்தே பிறந்தது. மெட்ஃபார்மின் 1922இல் ஆய்வகத்தில் உருவானது. 1957இல் பிரெஞ்சு டாக்டர் ழான் ஸ்டெர்ன் அதை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த முடிவுகளை வெளியிட்டார். ஒரு செடியின் குணத்தைப் பிரித்து, அளவு கண்டுபிடித்து, நச்சைக் கழித்து, மில்லிகிராம் கணக்கில் கொடுத்தால் நம்பிக்கை போய்விடுகிறது. அதையே பொட்டலத்தில் கட்டி, அளவு சொல்லாமல் கொடுத்தால் வந்துவிடுகிறது.

முதல் சில நாள் வயிறு கடமுடா என்றால் டாக்டரிடம் சொல்லாதீர்கள். சொன்னால் சாப்பாட்டோடு சேர்த்துப் போடச் சொல்வார், அல்லது மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றிவிடுவார். உங்களுக்கு மாத்திரையை நிறுத்த ஒரு காரணம் கிடைக்காமல் போய்விடும்.

எண் நார்மலானதும் மாத்திரையை விட்டுவிடுங்கள். எண் நார்மலானது மாத்திரையால் என்று யாரும் நிரூபிக்க முடியாது, மறுபடி ஏறும்வரை.

விரத நாளில் கிளிமிபிரைடு போன்ற மாத்திரையைப் போட்டுக்கொண்டு பட்டினி கிடப்பதும் பழக்கத்தில் உண்டு. இந்த ஓர் இடத்தில் மட்டும் கிண்டலை நிறுத்திச் சொல்கிறோம்: செய்யாதீர்கள். சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினால் கை நடுங்கும், வியர்க்கும், கண் இருட்டும், பேச்சுக் குழறும். உடனே மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் அல்லது சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, பதினைந்து நிமிடத்தில் மறுபடி பார்க்க வேண்டும். நினைவு தவறியவர் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டும். சங்கத்து உறுப்பினர் சட்டைப் பையில் நாலு மிட்டாய் வைத்திருக்க நியாயமான காரணம் இது ஒன்றே.

மாத்திரை வாங்கப் போக நேரமில்லை என்ற சாக்கும் இப்போது வலுவிழந்துவிட்டது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சுகர், பிபி மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். வாங்கி வையுங்கள். போட வேண்டும் என்று கட்டாயமா என்ன?

9. விசேஷ வீட்டில் பெருந்தன்மை காட்டுங்கள்

"ஒரு நாள்தானே, ஒண்ணும் ஆகாது." இந்த வாக்கியத்தைச் சொல்கிறவர் பரிமாறுகிறவராக இருப்பார். அவர் சொல்வது சரி. ஒரு நாளில் ஒன்றும் ஆகாது. பொங்கல், தமிழ்ப் புத்தாண்டு, ஆடிப்பெருக்கு, பிள்ளையார் சதுர்த்தி, நவராத்திரி ஒன்பது நாள், தீபாவளி, கார்த்திகை, முகூர்த்த மாதங்களின் கல்யாணங்கள், காதுகுத்து, பக்கத்து வீட்டுப் பையன் பத்தாவது பாஸானது, ஆபீஸில் ரிட்டயர்மென்ட் பார்ட்டி என்று ஒவ்வொன்றும் ஒரு நாள்தான்.

கல்யாணப் பந்தியில் ஒரு வாய்ப்பு ஒளிந்திருக்கிறது, கண்டுகொள்ளாமல் கடந்துவிடுங்கள். இலை போட்டதும் பொரியல், கூட்டு, அவியல், பச்சடி எல்லாம் முதலில் வந்துவிடும். சாத வாளி வருவதற்குள் ஐந்து நிமிடம் சும்மாதான் உட்கார்ந்திருப்போம். நியூயார்க்கின் வெய்ல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் நடந்து, 2015இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், அதே உணவைக் காய்கறியும் புரதமும் முதலில், மாவுச்சத்து கடைசியில் என்று கொடுத்தபோது நீரிழிவு உள்ளவர்களுக்குச் சர்க்கரை ஏறியது கணிசமாகக் குறைந்தது. நம் பந்தி முறையிலேயே அந்த வரிசை இருக்கிறது. நாம்தான் சாதம் வரும்வரை கூட்டைத் தொட்டுக்கொள்ளாமல், அப்பளத்தை உடைத்துக்கொண்டு காத்திருக்கிறோம்.

10. காலையும் கண்ணையும் கண்டுகொள்ளாதீர்கள்

இவற்றைப் பற்றி உறவினர் யாரும் பேசமாட்டார்கள். கால் விரலுக்கு வைத்தியம் சொன்னால் சுவாரஸ்யமில்லை. நோய் தெரிந்த உடனேயே ஒரு முறை, பிறகு வருஷத்துக்கு ஒரு முறை கண் விழித்திரையைப் பார்க்க வேண்டும். சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்க்க வேண்டும். தினமும் பாதத்தில் வெடிப்போ புண்ணோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உணர்வு மரத்த கால் சுடுவதைச் சொல்லாது. அந்தக் காலோடு மே மாதம் மதியத்தில் கோயில் கருங்கல்லில் வெறுங்காலில் பிரதட்சிணம் வருவது சங்கத்தின் மூத்த உறுப்பினர்கள் மட்டுமே செய்யும் சாகசம்.

பின்குறிப்பு: வேறு கதியில்லாதவர்களுக்கு மட்டும்

மேற்கண்ட பத்து முறைகளையும் செய்து பார்த்து, மூன்று மாத டெஸ்ட்டில் எண் இன்னும் ஏறியிருக்கிறது என்றால், கடைசியாக ஒரு வழி இருக்கிறது. மிகவும் சப்பென்ற வழி என்பதால் முன்பே சொல்லவில்லை. சாதக் கரண்டியைப் பாதியாக்குவது, காயை இரண்டு மடங்காக்குவது, பருப்பு, முட்டை, மீன், சுண்டலில் ஒன்றை ஒவ்வொரு வேளையும் வைப்பது, சாப்பிட்டபின் தெருமுனைவரை நடப்பது, மாத்திரையை நேரத்துக்குப் போடுவது, ஹெச்பிஏ1சியை டாக்டர் சொன்ன தேதியில் எடுப்பது. உடம்பு கூடுதலாக இருந்தால் எடையைக் குறைப்பது.

2017இல் முடிவு வெளியான பிரிட்டனின் 'டைரக்ட்' ஆய்வில், நோய் தெரிந்து ஆறு ஆண்டுக்குள் இருந்த பருமனானவர்களுக்குச் சில மாதங்கள் ஒரு நாளைக்குச் சுமார் 850 கலோரி உணவு மட்டும் கொடுத்தார்கள். ஓராண்டு முடிவில் அவர்களில் 46 சதவீதம் பேருக்கு மாத்திரை இல்லாமலே ஹெச்பிஏ1சி 6.5க்குக் கீழே நின்றது. எல்லோருக்கும் நின்றுவிடவில்லை, எடை திரும்பியவர்களில் பலருக்குச் சர்க்கரையும் திரும்பியது. டாக்டர் கண்காணிப்பில்லாமல் செய்யக் கூடியதும் இல்லை. ஆனாலும் அங்கே யாரும் எந்த இலையையும் புதிதாகத் தின்னவில்லை. தின்றதைக் குறைத்தார்கள்.

இந்த வழிக்குப் பக்கவிளைவுகள் உண்டு. பெல்ட்டில் கூடுதலாக ஒரு துளை போட வேண்டியிருக்கும். "ஏன் இப்படி எளைச்சுட்ட, சுகர் ஜாஸ்தியாயிடுச்சா?" என்று அத்தை கண்கலங்குவார். காலை ஐந்து மணிமுதல் எட்டு மணிவரை என்ன செய்வது என்று தெரியாது. எல்லாவற்றையும்விட மோசமானது, ஏதாவது கல்யாணத்தில் புதிதாக வந்த உறுப்பினர் ஒருவர் உங்களை ஓரமாக இழுத்துக்கொண்டு போய், "அண்ணே, என்ன சாப்பிட்டுக் குறைச்சீங்க?" என்று கேட்பார். "கம்மியாச் சாப்பிட்டேன் தம்பி" என்று சொல்லிப் பாருங்கள். எதையோ மறைக்கிறீர்கள் என்று வருத்தப்படுவார். வாய்க்கு வந்த ஓர் இலையின் பெயரைச் சொல்லுங்கள். போனை எடுத்து, எழுத்துப் பிழை இல்லாமல் குறித்துக்கொள்வார்.